எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது

பத்தொன்பது தலைகள், மல்லிகைப்பூவைத் தவிர அவற்றில் வேறு எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார் தணிகாசலம். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரைக்குக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாடி அறை, ஜன்னல்களில் பழைய பச்சைத் துணியைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள், எலுமிச்சை சாதமும் புளித்த மோரும் கலந்த வாசனை போகவேயில்லை, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் கடக் என்றது, மூன்றாவது வரிசையில் ஒரு கிராம சுகாதார செவிலியர் அதற்குத் தாளம் போடுவதைப் போலத் தலையை ஆட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கட்டும். விழித்திருக்கிறவர்களுக்கு மட்டும் என்ன விளங்கிவிடப் போகிறது. அவர் வட்டாரப் புள்ளியியலாளர், ஐம்பத்தொரு வயது, இந்த அறையில் கணக்குத் தெரிந்த ஒரே ஜீவன். முப்பது வருடமாக எந்த அறையில் உட்கார்ந்தாலும் அவர் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்து வந்திருக்கிறார், மறுத்துச் சொல்ல யாரும் வாய்க்கவில்லை. அவருடைய லேப்டாப்பிலிருந்து ஒரு வயர் புரொஜெக்டருக்குப் போனது, புரொஜெக்டரிலிருந்து வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போனது, சுவரில் அவருடைய ஷீட். வட்டாரத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு கர்ப்பிணிகள், ஆளுக்கொரு வரிசை. பெயர், கணவர் பெயர், ஊர், செவிலியர், எத்தனையாவது மாதம், அதற்கடுத்து எஃப் காலம், அதாவது எஃப் என்ற நெடுவரிசை, அதில் ஹீமோகுளோபின் அளவு, அதற்கடுத்து ஜி. அந்த ஜி காலம்தான் அவர். ஜியில் அவர் எழுதிய ஃபார்முலா உட்கார்ந்திருக்கிறது: ஏழுக்குக் கீழே என்றால் 'தீவிரம்', அதுவும் இல்லாமல் பதினொன்றுக்குக் கீழே என்றால் 'ரத்தசோகை', அதுவும் இல்லையென்றால் 'நார்மல்'. நார்மல் என்றால் கட்டம் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. இரண்டே நிறம். மூன்றாவதாக ஒரு மஞ்சளைக் கொடுத்தால் இந்தப் பத்தொன்பது பேரும் மஞ்சளுக்கு என்ன செய்வது என்று மூன்று மாதம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சிவப்புக் கட்டத்துக்காரிகளை மட்டும் சனிக்கிழமை வண்டி போய் ஏற்றிக்கொண்டு வரும், இரும்புச்சத்து டிரிப் ஏற்றி அனுப்புவார்கள். பச்சைக்காரிகள் வீட்டில் இருந்துகொள்ளலாம். எவ்வளவு சுத்தமான வேலை.

கூட்டம் ஆரம்பித்ததும் வட்டார மருத்துவ அலுவலர் டாக்டர் ஃபௌசியா, பாதி வயது பெண், அவருக்குப் பெண்ணாகப் பிறந்திருந்தாலும் பிறந்திருக்கலாம், எழுந்து நின்று, "இந்த ஷீட்டை மாவட்டம் முழுக்கக் கொண்டுவரப் போறாங்க. அடுத்த வாரம் சார்தான் போய் எல்லா வட்டாரத்துக்கும் விளக்கப் போறாரு. சார் பேரைப் போட்டே சர்க்குலர் வருது" என்று சொன்னபோது தணிகாசலம் வயர் லூசாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வயர் லூசாக இல்லை. பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள், என்ன சொன்னாலும் தட்டுகிற கைகள்தான், இருந்தாலும் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. தணிகாசலம் ஷீட். முப்பது வருடத்தில் அவர் பேர் போட்டு வந்த ஒரே சர்க்குலர் இடமாறுதல்தான். கூடப் படித்த கோதண்டபாணி புள்ளியியல் துறையில் துணை இயக்குநராகிவிட்டான், சராசரிக்கும் இடைநிலைக்கும் வித்தியாசம் கேட்டால் விழிப்பான், அவன் துணை இயக்குநர், இவர் இன்னும் பிளாஸ்டிக் நாற்காலி. போகட்டும். அடுத்த வாரம் அவனும்கூட அந்த ஷீட்டைப் பார்க்க நேரலாம்.

இவர்களுக்கு இஃப் என்பதைச் சொல்லிக்கொடுக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே. முதல் கூட்டத்தில் பலகையில் எழுதிப் போட்டு, "மழை பெஞ்சா குடை எடு, இல்லன்னா எடுக்காத, அவ்வளவுதான்மா இஃப்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சும்மா இருந்திருக்கலாம், அந்த குணவதி கையைத் தூக்கினாள். மேல்வாக்கம் செவிலியர், முப்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் தோளில் ஒரு ரெக்ஸின் பை, அதிலிருந்து எப்போதும் எட்டிப் பார்க்கிற ஒரு நாற்பது பக்க நோட்டு. "சார், வெளிய வந்து பாக்காம மழை பெய்யுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் காதில் இன்னும் இருக்கிறது. கேள்வியா அது. ஃபார்முலாவுக்கு வெளியே போய்ப் பார்க்கிற வேலை கிடையாது, அதற்குத்தான் உங்களையெல்லாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது, நீங்கள் எண்ணைக் கொண்டு வாருங்கள், அது சொல்லும் பச்சையா சிவப்பா என்று. இரண்டில் ஒன்று. உலகத்தில் எதுவாக இருந்தாலும் இரண்டில் ஒன்றுதான், நடுவில் நிற்கிறவன் சோம்பேறி, ஒன்றும் தெரியாதவன். தெரியாது என்ற வார்த்தையைப் போல அவருக்கு அருவருப்பான வார்த்தை வேறு இல்லை. ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று "தெரியல சார்" என்கிறவர்களின் பெயரையே அவர் மறந்துவிடுவார், அவ்வளவு இளக்காரம். தெரியாதென்றால் எதற்கு இந்த வேலைக்கு வந்தாய். வீட்டிலும் அப்படித்தான். மனைவி மரகதம் இரண்டு வருடத்துக்கு முன்னால் எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்றாள். காய்ச்சல் இருக்கிறதா என்றார். இல்லை என்றாள். வலி இருக்கிறதா. இல்லை. அப்போது நன்றாகத்தான் இருக்கிறாய் என்றார், எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தாள், பிறகு அவள் தம்பி வந்து கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்த்து தைராய்டு என்று சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தான். "உங்ககிட்ட எதைக் கேட்டாலும் ரெண்டு பதில்தான் வரும், மூணாவது பதிலுக்கு ஆளில்ல" என்றாள் மரகதம் சோறு போட்டுக்கொண்டே. அவளுக்கும் ஃபார்முலா தெரியாது.

சுவரில் டாக்டர் ஃபௌசியா பேனாவால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டு வந்தார். சிவப்பு வருகிற இடத்தில் நிற்பார், அந்த ஊர் செவிலியர் எழுந்து சனிக்கிழமை அனுப்பிவிடுகிறேன் என்பார், உட்காருவார். பச்சை வந்தால் பேனா நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். இதற்கு முன்னால் இந்தக் கூட்டம் எப்படி இருந்தது என்று நினைத்தாலே தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரும். ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு கதை. அவளுக்கு மாமியார் சரியில்லை, இவளுக்குக் கீரை பிடிக்காது, அவள் கரும்பு வெட்டப் போய்விட்டாள், இவளை நாய் கடித்தது. இரவு ஏழு மணி வரைக்கும் கதை. அவர்தான் வந்து கதையை ஒழித்தார். கதைக்கு ஷீட்டில் காலம் கிடையாது. போன மாதத்துக்கு முந்தின மாதம் ஒரு சின்னத் தொந்தரவு வந்தது, அதையும் அவர்தான் ஒழித்தார். எஃப் காலத்தில் சிலர் எண் போடாமல் காலியாக விட்டிருந்தார்கள், காலி என்றால் ஃபார்முலாவுக்குச் சுழி, சுழி என்றால் ஏழுக்குக் கீழே, சுவரெல்லாம் தீவிரம் தீவிரம் என்று சிவப்பு. டாக்டர் பயந்துபோய்ச் சத்தம் போட்டார், மாவட்டத்திலிருந்து போன் வந்தது, உங்கள் வட்டாரத்தில் என்ன கொள்ளை நோயா என்று. தணிகாசலம் அன்றைக்கே பத்தொன்பது போனுக்கும் அனுப்பினார்: எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, காலியாக விடுபவர் விளக்கம் தர வேண்டியிருக்கும். குணவதி மட்டும் போன் பண்ணினாள், அவள் பண்ணாமல் இருந்தால்தான் அதிசயம். "சார், வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டவங்களுக்கு ஹெச்.பி. பாக்க முடியாதே, அங்க என்ன போடறது?" அவர் அப்போது மரகதத்துக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தார். "எதையாவது போட்டு நிரப்பும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அடுத்த மாதம் அந்தச் சிவப்பெல்லாம் போய்விட்டது. ஒரே மாதத்தில் எவ்வளவு முன்னேற்றம் என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகுதான் மாவட்டம் இந்த ஷீட்டைக் கேட்டது.

"மேடம், இந்த மோனிஷா." குணவதிதான். எழுந்து நின்றுவிட்டாள், பை தோளிலேயே இருந்தது, வீட்டுக்குக் கிளம்புகிறவளைப் போல. டாக்டரின் பேனா நூற்று முப்பத்தெட்டாவது வரிசையைத் தாண்டியிருந்தது, திரும்பி வந்தது. மோனிஷா, க/பெ லோகேஷ், மேல்வாக்கம், ஒன்பதாவது மாதம், நார்மல், பச்சை. "சொல்லுங்க சிஸ்டர்." "ஏழாம் மாசம் வளைகாப்புக்கு முந்தின நாள் போய்ப் பாத்தேன் மேடம். கீழ்க் கண்ணை இழுத்துப் பாத்தா ரத்தமே இல்ல, வெளுத்துப்போயிருந்தா. படி ஏறி வர்றதுக்குள்ள மூச்சு வாங்குச்சு. சனிக்கிழமை அவளையும் வண்டியில கூப்பிடலாமா?" டாக்டர் சுவரைப் பார்த்தார். "ஷீட்ல நார்மல்னு இருக்கே சிஸ்டர்." குணவதியும் சுவரைப் பார்த்தாள். "ஷீட்ல நார்மல்தான் மேடம்." "அப்புறம் என்ன? டிரிப் பாட்டிலே அம்பதுதான் இருக்கு, சிவப்பு நாப்பத்தாறு. நார்மலா இருக்கறவங்களுக்கு எப்படிக் கொடுக்கறது? கண்ணைப் பாத்துச் சொல்றதெல்லாம் ஒரு அளவா?" யாரோ பின்னால் சிரித்தார்கள். தணிகாசலமும் லேசாகச் சிரித்தார், கண்ணைப் பார்த்தாளாம் கண்ணை, ஜோசியக்காரி. குணவதி உட்கார்ந்தாள். உட்கார்ந்து நோட்டை எடுத்து எதையோ எழுதினாள், அந்த நோட்டைக் கொண்டுவரக் கூடாதென்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறார், சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், அப்படி என்னதான் அளவு போட்டிருக்கிறாள் இந்த மோனிஷாவுக்கு, பன்னிரண்டா, பதிமூன்றா, பன்னிரண்டைப் போட்டுவிட்டு வெளுத்துப்போயிருந்தாள் என்கிறாளே, சுவரிலேயே காட்டி மானத்தை வாங்கலாம் என்று அவர் கண் ஜியிலிருந்து நகர்ந்து, காலிக் கட்டங்களை ஒழித்த பிறகு முதல் தடவையாக, எஃப் காலத்துக்குப் போனது.

அம்மா வீடு. அப்படித்தான் இருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா வீடு, அதற்குப் பக்கத்தில் பச்சையாக நார்மல். அவர் அதை இன்னொரு தரம் படித்தார். அம்மா வீடு, நார்மல். முட்டாள், எண் போடச் சொன்னால் ஊர் போட்டு வைத்திருக்கிறாள், என்றுதான் முதலில் தோன்றியது, நன்றாகத் திட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்ட சந்தோஷம்கூட ஒரு நொடி இருந்தது, அந்த நொடி முடிவதற்குள் அவருக்குள் ஏதோ ஒன்று தடுக்கிக் கீழே விழுந்தது. பச்சை எப்படி வந்தது. அம்மா வீடு ஏழுக்குக் கீழேயா. இல்லை. அம்மா வீடு பதினொன்றுக்குக் கீழேயா. இல்லை. அப்படியானால் நார்மல். எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. எந்த எழுத்தும் எந்த எண்ணைவிடவும் பெரியது, அந்த மென்பொருளுக்கு அப்படித்தான், இதை அவர் இன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை, பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியில் அவரே எழுந்து நின்று சொல்லியிருக்கிறார், லட்சத்தையும் ஒரு 'அ'வையும் ஒப்பிட்டால் 'அ'தான் பெரியது, எப்படிப் பார்த்தீர்களா என்று கேட்டு எல்லாரையும் திகைக்க வைத்திருக்கிறார். தெரியும். தெரிந்தே இருந்தது. எஃப் அவர்கள் வேலை, ஜி என் வேலை என்று இருந்துவிட்டார், அவ்வளவுதான். மின்விசிறி கடக் என்றது. ஒருத்தி எழுதினால் போகட்டும், மற்றவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள் என்று மேலே பார்த்தார், டாக்டர் கவனிக்காதபோது மெதுவாக உருட்டினார். அம்மா வீடு. பதினொன்று புள்ளி நாலு. பத்து. அம்மா வீடு. வரல. அம்மா வீடு. தாய் வீடு. ஒருத்தி சென்னை என்று போட்டிருந்தாள். ஒருத்தி வெறும் கோடு ஒன்று கிழித்திருந்தாள், கோடும் எழுத்துதான், பச்சை. எழுத்து விழுந்த அத்தனையும் பச்சை. எதையாவது போட்டு நிரப்பும்மா என்று சொன்னது யார். இவர்கள் பாவம் கீழ்ப்படிந்திருக்கிறார்கள், முப்பது வருடத்தில் ஒரு நாளும் ஒரு உத்தரவுக்கும் ஒழுங்காகக் கீழ்ப்படியாத ஜனங்கள் பார்த்துப் பார்த்து இதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்கள்.

பதறக் கூடாது. பதறுகிறவன் மடையன். இன்றைக்கு ஒன்றும் பேச வேண்டாம், கூட்டம் முடியட்டும், நாளைக்கு ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு ஃபார்முலாவைத் திருத்திவிடலாம், திருத்திய பட்டியல் என்று சாயங்காலம் எல்லாருக்கும் அனுப்பிவிடலாம். கூடவே ஒரு வரி: சில செவிலியர்கள் எண் பதிய வேண்டிய இடத்தில் எழுத்துகளைப் பதிந்துள்ளதால் பிழை நேர்ந்துள்ளது, வருந்தத்தக்கது. வருந்தத்தக்கது நல்ல வார்த்தை, யார் வருந்த வேண்டும் என்று சொல்லாது. ஆனால் சனிக்கிழமை பட்டியலில் டாக்டர் இப்போது கையெழுத்துப் போட்டுவிடுவார், வண்டிக்காரனுக்கு இன்றைக்கே ஊர் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், பாட்டில் ஐம்பதுதான். அடுத்த முகாம் அடுத்த மாதம். ஒன்பதாவது மாதத்துக்காரிக்கு அடுத்த மாதம் எங்கே இருக்கிறது. சரி, அவள் ஒருத்திக்காக என்று நினைத்தவர், அவள் ஒருத்தி இல்லை என்று உடனே நினைத்தார். யார் அம்மா வீட்டுக்குப் போவார்கள், ஏழு மாதம் ஆனவர்கள், வயிறு கனத்தவர்கள், கை நிறையக் கண்ணாடி வளையலைப் போட்டுக் கலந்த சாதம் கட்டிக்கொடுத்துக் காரில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். இந்த ஊர் செவிலியரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள், அந்த ஊர் செவிலியரின் பட்டியலில் பேர் இருக்காது. முன்பெல்லாம் இவர்கள் ஒருத்திக்கொருத்தி போன் போட்டுக்கொள்வார்கள், ஏய் உங்க ஊருக்கு எங்க பொண்ணு ஒண்ணு வந்திருக்கா, போய்ப் பாரு என்று. அதையும் அவர்தான் ஒழித்தார், கதை என்று சொல்லி ஒழித்தார். ஷீட்டில் பச்சையாக இருக்கிறவளுக்கு எதற்குப் போன். ஆக வட்டாரத்திலேயே யாரை முதலில் பார்க்க வேண்டுமோ அவர்களையெல்லாம் பொறுக்கியெடுத்துப் பச்சை அடித்து மறைக்கிற ஃபார்முலா ஒன்றை அவர் எழுதியிருக்கிறார், அதை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகப் போகிறார்கள், அவர் பேரைப் போட்டு. வேண்டுமென்று செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கும்போது துளசிங்கம் என்று ஒருவன், பாதி நாள் வரமாட்டான், நெசவுக்குப் போய்விடுவான். அவன் பேரைக் கூப்பிடும்போது பக்கத்து பெஞ்சிலிருந்து யாராவது குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" என்பார்கள். ஒரு நாள் தணிகாசலம் எழுந்து நின்று, அவன் இல்லை ஐயா, இவன்தான் அவனுக்குப் பதிலாகச் சொன்னான் என்று கையை நீட்டிக் காட்டினான். சொன்னவனுக்குப் பிரம்படி, துளசிங்கம் அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை, தணிகாசலத்தோடு அந்த வருடம் முழுக்க யாரும் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறார்கள், பொய் பொய்தானே என்று இருந்தான். பொய்யைப் பொறுத்துக்கொள்ள மாட்டான், அப்படி ஒரு உத்தமன். இப்போது சுவரில் முப்பது பேர் சார்பில் அவரே உட்கார்ந்து உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா, நன்றாக இருக்கிறேன் ஐயா என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் பச்சை நிறத்தில். சிரிப்பு வந்தது. முப்பது இல்லை, எண்ணியாகிவிட்டது, முப்பத்தொன்று. இவர்கள் சிரிப்பார்களே என்றுதான் பயமாக இருந்தது, மோனிஷாவைப் பற்றிக்கூட இல்லை, அதை நினைத்து அவருக்கே தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது, இந்த ஆளுக்குப் பத்தொன்பது பேர் சிரிப்பார்களே என்று இருக்கிறது. குடை, மழை என்று அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. வெளியே வந்து பார்க்காமல் எப்படித் தெரியும். நாலு மாதமாக அந்தக் கேள்வியைத்தான் அவள் விதவிதமாகக் கேட்டிருக்கிறாள், அம்மா வீட்டுக்கு என்ன போடுவது என்று கேட்டதும் அதுதான், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எழுந்து நின்றதும் அதுதான். இவருக்குத்தான் அது காதில் விழவில்லை, விழும்படி வைத்துக்கொள்ளவில்லை.

"அவ்வளவுதான். சார், சிவப்பு மட்டும் பிரிச்சு பிரின்ட் கொடுத்துடறீங்களா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் டாக்டர் ஃபௌசியா. நாற்காலிகள் நகர்ந்தன. தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பையைத் தேடினார். யாரோ பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்கள். "ஒரு நிமிஷம் மேடம்" என்றார் தணிகாசலம். முதலில் வயரைப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தார். பிடுங்கினால் சுவர் அணைந்துவிடும், லேப்டாப்புக்குள் என்ன செய்தாலும் யாருக்கும் தெரியாது, திருத்தி எடுத்த பட்டியலை நீட்டிவிடலாம், நாற்பத்தாறு எப்படி எழுபத்தேழானது என்று கேட்டால் நீங்கள் சரியாக எண்ணவில்லை மேடம் என்று சொல்லிவிடலாம், அவர் அப்படிச் சொன்னால் நம்புவார்கள், இத்தனை நாளும் நம்பினார்களே. கை வயர்வரைக்கும் போனது. அந்த முப்பத்தொரு பேரும் எங்கே இருக்கிறார்கள், எந்த ஊர், எந்தத் தெரு, போன் எண் என்ன, இவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டால் யாரைக் கேட்பது, ஷீட்டையா. அதற்கெல்லாம் ஷீட்டில் காலம் கிடையாது. அது இவர்களுடைய நோட்டில் இருந்தால் உண்டு, நோட்டைத் தூக்கிப் போடச் சொன்னதும் தூக்கிப் போட்டிருந்தார்கள் என்றால் இல்லை. வயரை விட்டுவிட்டார். ஜி காலத்தின் முதல் கட்டத்துக்குப் போய் ஃபார்முலாவைத் திறந்தார். எஃப்பில் இருப்பது எண் என்றால் பழையபடி ஏழைப் பார், பதினொன்றைப் பார். எண் இல்லையென்றால். அங்கே இரண்டு மேற்கோள் குறிகளைப் போட்டுவிட்டு நின்றார். அதற்கு நடுவில் என்ன எழுதுவது. தீவிரம் என்று எழுத முடியாது, அது பொய். ரத்தசோகை, அதுவும் பொய்யாக இருக்கலாம். காலியாக விடலாம் என்றால் காலியாக விடக் கூடாது, உத்தரவு. உண்மையாக இருக்கிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைத் தன் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதற்குள் பல்லைப் பிடுங்கிக்கொள்வதைப் போல இருந்தது. என்டர் தட்டினார். கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தார், இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிசை வரைக்கும்.

சுவரில் பச்சை பொத்துக்கொண்டது. இங்கே ஒன்று, அங்கே இரண்டு, பிறகு வரிசையாக நாலு, சிவப்புச் சிவப்பாகத் 'தெரியாது' 'தெரியாது' என்று விழுந்தது. எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். "ஐயோ, என்ன சார் ஆச்சு?" என்றார் டாக்டர். "எதையோ தப்பா அழுத்திட்டீங்க போலிருக்கு. அன்டூ பண்ணுங்க, பழையபடி வந்துடும்." நல்ல பெண், அவரைக் காப்பாற்றத்தான் சொல்லுகிறாள், அதுவும் புரிந்தது. கன்ட்ரோலும் இசட்டும், இரண்டு விரல், பழையபடி வந்துவிடும், கைதட்டல், சர்க்குலர், கோதண்டபாணி, எல்லாமே. அவர் இரண்டு கைகளையும் லேப்டாப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தப்பா அழுத்தல மேடம். இதுதான் சரி. நாலு மாசமா இருந்ததுதான் தப்பு, நான் போட்ட ஃபார்முலாதான் தப்பு. எழுத்து இருந்தா அது நார்மல்னு காட்டிட்டு இருந்திருக்கு. அம்மா வீட்டுக்குப் போன ஒருத்தரையும் நாம பாக்கல. முப்பத்தொரு பேர்." யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் சுவரில் தன் ஊரின் வரிசைகளைத் தேடிக்கொண்டிருந்தாள், உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். குணவதி எழுந்து நின்றாள், ரெக்ஸின் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு கையில் போனைப் பிடித்திருந்தாள். "சார், அப்ப எங்க மோனிஷாவுக்கு எப்படி இருக்கு?" என்றாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். தணிகாசலம் பழக்கத்தில் சுவரைப் பார்த்தார். நூற்று முப்பத்தெட்டாவது வரிசை அவரைப் பார்த்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நீ போன் போடு."